கொடி நெய்தவளின் விடை

கதிரவன் கூரைகளின்மேல் ஏறி, கடைவீதியின் இரைச்சல் பெருகிப் பொங்கும் முற்பகல் வேளையில், அவ்வீதியின் கோடியிலிருந்த ஒலிப்பதிவுக்கூடம் மட்டும், சாளரங்களை அடைத்து, சுவரெங்கும் கம்பளி போர்த்து, தவத்தில் ஆழ்ந்த முனிவன்போல் வாய்மூடிக் கிடந்தது. அதனுள்ளே, நாடகமும் பாட்டும் தானே இயற்றிப் பேர்பெற்ற பெண்ணொருத்தி, விடை காணாச் சிக்கலொன்றால் நெற்றி சுருங்கி நின்றாள். குரலை வாங்கும் பெருங்கூம்பின் வாயருகே நின்று அவள் தங்கை பாடிய பாட்டு, ஊசி ஒலியைக் கீறிப் பதிக்கும் மெழுகுத்தட்டில் தொடக்கமெல்லாம் மணிபோல் ஒலித்து, இறுதியடியில் மட்டும் ஈரத்தாளில் எழுதிய மைபோல் கலங்கியது.

அவ்வடியே பாட்டின் உயிர். "தலை குனியாத நீ யாரடி?" என்று அரசன் அடியடியாய் அதட்ட, நெசவுக்காரி இறுதியில் இறுக்கும் விடை அது: "குனிந்து நெய்தேன் உன் கொடியை, நிமிர்ந்து பார்க்கிறேன் அது பறப்பதை!"

"கடைசி அடிய வெட்டிடலாம்மா. போட்டுக் கேட்டே மத்த மெழுகெல்லாம் தேஞ்சு போச்சு. மிச்சம் ஒண்ணுதான்," என்றார் பதிவாளர்.

"தலைய வெட்டிட்டுத் தலைப்பாகைய விக்கச் சொல்றீங்களே, ஐயா!"

"என் தொண்டையக் குத்தம் சொல்லாதக்கா," என்று தங்கை முறைத்தாள்.

"உன்மேல இல்லடி சந்தேகம், இந்தத் தட்டுமேலதான்."

பாழான மெழுகைச் சுழலவிட்டு, கன்றை நோக்கும் பசுவைப்போல் இமையாது நோக்கினாள். தட்டின் விரைவு மாறவில்லை. ஆயினும் பாட்டுத் தொடங்கும் விளிம்பில் ஒரு சுற்றுக்கு நெடுவழி நடந்த ஊசி, நடுவை நெருங்க நெருங்கக் குறுவழியே நடந்தது. விளிம்பில் கைவீசி உலவிய சொற்கள், நடுவில் ஒற்றைக் கட்டிலில் ஊரே படுத்தாற்போல் நெருங்கி நசுங்கின.

"அப்ப, பதில முதல்ல பாடு," என்றாள் தங்கையிடம்.

பதிவாளர் சிரித்துவிட்டார். "பதில முதல்லயே சொல்லிட்டா எவன்மா கடைசிவரைக்கும் உக்காருவான்?"

"மேடையில உக்கார மாட்டான். ஆனா இது சுத்தற மேடை, ஐயா. கடைசியில கேள்வியோட விட்டுப் பாருங்க. அவனே எந்திரிச்சு ஊசியத் திரும்ப விளிம்புல வைப்பான்."

அரசனின் கேள்வியை நெடிலோசை மிகுந்த எளிய சொற்களால் அங்கேயே மாற்றி இயற்றி, எஞ்சிய மெழுகில் பாடுவித்தாள். அச்சாகி வந்த தட்டில் ஓரெழுத்தும் கலங்கவில்லை. பெருமிதத்தோடு அவள் வகுத்த முறை இதுவே: வன்மையும் விரைவும் கொண்ட சொற்களை விளிம்பில் வை, இழுத்துப் பாடும் மென்சொற்களை நடுவில் வை.