‘அவங்க’ என்றொரு சாட்சியம்

வக்கீல் கோமளவல்லி வரிசையில் பத்து நாவல் படித்திருக்கிறேன். பத்திலும் கொலையாளியைத் தப்பாகத்தான் சொன்னேன். ஒன்றில் செத்துப்போனவர் மேலேயே சந்தேகப்பட்டேன். அதனால், பதினொன்றாவதில் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் ஆளைப் பிடித்தே தீருவது என்று முடிவு செய்தேன். அரியர் பேப்பர் விஷயத்தில்கூட நான் இவ்வளவு உறுதியாக இருந்ததில்லை.

புத்தகம் ஹெப்சியுடையது. என் வகுப்புதான். எல்லா நாவலிலும் பாதியிலேயே கொலையாளியைச் சொல்லிவிடுகிற ஜாதி. கடைசி அத்தியாயத்தை ஸ்டேப்ளர் அடித்துக் கொடுக்கச் சொன்னேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். விண்ணப்பத்தோடு போட்டோவை இணைப்பதுபோல ஓரமாக ஒரு பின் போதும். அவள் சுற்றிலும் அடித்திருந்தாள்.

கதை இதுதான். மில் முதலாளி ஒருவர் தன் பங்களாவில் கொலையாகிறார். மனைவி ரோஹிணி கூண்டில் நிற்கிறாள். சாட்சி சொல்ல வருகிறவர்கள் குடும்ப டாக்டரும் கார் டிரைவர் துரையும். கோமளவல்லி எழுந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால் போதும், நான் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன். அவள் துடைத்த பிறகு எந்தச் சாட்சியும் உருப்பட்டதில்லை. பதினேழாம் அத்தியாயத்தில் டாக்டரைக் கேள்வி கேட்டே அழ வைத்தாள். நான் கேன்டீனில் எழுந்து நின்று கைதட்டினேன். பொங்கல் நன்றாக இருக்கிறது என்கிறேன் என்று நினைத்து மாஸ்டர் இன்னொரு கரண்டி வைத்தார்.

அன்று சாயந்திரம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் தாம்பரம் பக்கம் போகும் ரயிலில் ஏறினோம். ஸ்டேப்ளர் பின்னுக்கு முந்தின பக்கம்வரை முடித்திருந்தேன்.

"யாருன்னு கண்டுபிடிச்சீங்களா சம்பத்?" என்றாள் ஹெப்சி.

"வாயைத் திறக்காதே."

"நான் ஒண்ணும் சொல்லலையே. ஆனா அவங்களா இப்படின்னு எனக்கே ஷாக்."

காதைப் பொத்தினேன். லேட். அந்த ‘அவங்க’ ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

கேட்டதைக் கேட்காததுபோல யோசிக்கிற நேர்மை எனக்கு இல்லை. டிரைவர் துரையை நாவல் முழுக்க ‘அவன்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆகவே ‘அவங்க’ துரை இல்லை. ரோஹிணி கூண்டில் நிற்கிறாள். முதல் பக்கத்திலேயே மாட்டினவர் எந்த நாவலிலும் கொலை செய்ததில்லை. மிச்சம் டாக்டர். படித்தவர், வயதானவர், ‘அவங்க’வுக்கு எல்லாத் தகுதியும் உள்ளவர்.

"டாக்டர்," என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

"ஃபைனலா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தபோது, கூடுவாஞ்சேரி தாண்டி ரயில் நின்றுவிட்டது. ஹெப்சி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"தண்டவாளத்துல நிக்கிறாங்க. பாவம், அவங்க போகட்டும்."

நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு எருமை. தனி எருமை.

"எருமை உனக்கு ‘அவங்க’வா?"

"எங்க வீட்ல அப்படித்தாங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் டீச்சர். எல்.கே.ஜி. பிள்ளையைக்கூட ‘வாங்க, போங்க’தான்."

இரண்டு வருஷமாக என்னையும் ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுகிறாள். என் பெர்சனாலிட்டிக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்திருந்தேன். எருமையும் நானும் ஒரே வரிசையில்.

"ஃபைனல் இல்லை," என்றேன். "சாட்சியத்தைத் தள்ளுபடி செய்கிறேன்."

"பயமா?"

"சும்மா இரு. தாம்பரம் வர்றதுக்குள்ள சொல்றேன்."

கோமளவல்லியாக இருந்தால் என்ன செய்வாள்? சாட்சி பேசினதைத் திரும்பப் படிப்பாள். சாட்சிக் கூண்டு வரும் பக்கங்களை மட்டும் மறுபடி எடுத்தேன். பக்கத்தில் நின்றவரின் முழங்கை என் காதில் இருந்தது, விட்டுவிட்டேன். எருமை போய், ஊரப்பாக்கம் போய், வண்டலூரும் போயிற்று. இந்த முறை கதையைப் பார்க்கவில்லை, ‘அவன்’, ‘அவர்’, ‘அவங்க’ இவற்றை மட்டும் பார்த்தேன். எருமை அடித்த அடி அப்படி.

நாலாம் அத்தியாயத்தில் துரை சொல்கிறான்: "போன்ல பேசினது ஆம்பளையா பொம்பளையான்னே தெரியலைங்க ஐயா. கரகரன்னு குரல். காரை எடுத்துட்டு வரச் சொல்லிச்சு." அதனால்தான் கொலை நடந்தபோது பங்களாவில் இல்லை என்கிறான். பத்தொன்பதாம் அத்தியாயத்தில், கோமளவல்லி கண்ணாடியைத் துடைத்த பிறகு, அவனே சொல்கிறான்: "அவன் சொன்ன எடத்துக்குத்தான் போனேன்."

அவன்.

ஆணா பெண்ணா தெரியாத குரல் எப்படி ‘அவன்’ ஆச்சு? அப்படி ஒரு போனே வரவில்லை. இவன் எங்கேயும் போகவில்லை.

"துரை!" என்றேன். முழங்கைக்காரர் திடுக்கிட்டு, "என்னைத் தெரியுமா தம்பி?" என்றார். அவர் பேரும் துரை.

ஹெப்சி கொண்டை ஊசியை எடுத்துப் பின்களைப் பிடுங்கினாள். பெருங்களத்தூரில் ரயில் நிற்கும்போது தீர்ப்பைப் படித்தேன். துரைதான்! கூட்டம் இல்லாவிட்டால் குதித்திருப்பேன்.

ஆனால் கோமளவல்லி அவனைப் பிடித்தது காரின் டயரைச் சுற்றிக் கலையாமல் கிடந்த மில் சாம்பலை வைத்து; கார் நகரவே இல்லையாம். ‘அவன்’ பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு தடவை தேடினேன்.

"அது அச்சுப்பிழையாக்கூட இருக்கலாம்ல?" என்றாள் ஹெப்சி.

"இருக்கலாம். ஆள் துரைதானே?"

"பதில் சரி, ஸ்டெப்ஸ் தப்பு. அரை மார்க்தான் தருவேன்."

வாங்கிக்கொண்டேன். பத்து தடவை முட்டை வாங்கினவன் மறுகூட்டலுக்குப் போக மாட்டான்.