தொனாத்தாவின் மூன்றாவது சாவி

தொனாத்தாவின் கீரைக்காட்டில் நட்டிருந்த அணு ஏவுகணைக்கு இரண்டு சாவி போதவில்லை. மூன்றாவது சாவி அவள் சட்டைப் பையில் இருந்தது.

அமெரிக்கர்களிடம் ஒன்று, நம் இத்தாலி ராணுவத்திடம் ஒன்று, இரண்டும் சேர்ந்து திரும்பினால்தான் கிளம்பும் என்பது ஒப்பந்தம். 1961இல் முதல் ஒத்திகையன்று அமெரிக்க மேஜர் விட்லாக்கும் நம் கேப்டன் பெலிசாரியோவும் கை வலிக்கத் திருப்பியும் மீட்டரில் ஒரு முள்கூட அசையவில்லை. காட்டை அரசு எடுத்துக்கொண்டபோது தொனாத்தாவின் கல்குடிசையை இடித்து காங்கிரீட் கொட்டியிருந்தார்கள். குடிசை போனாலும் பழக்கம் போகுமா? தினமும் காலையில் வேலிக்கு வெளியே நின்று, குடிசையின் பழைய சாவியால் இல்லாத கதவை வெறுங்காற்றில் திறப்பாள், மதியம் பூட்டுவாள். அன்று அவள் திறந்ததும் முள்ளெல்லாம் ஏறியது, பூட்டியதும் இறங்கியது. சாவியைப் பிடுங்கி மேஜரே காற்றில் திருப்பிப் பார்த்தார். தோள் சுளுக்கியதுதான் மிச்சம். திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றோடு தொனாத்தா காற்றைத் திறப்பதை நிறுத்திக்கொண்டாள்.

மறு வருடம் அக்டோபரில், கியூபா விவகாரத்தில் உலகமே மூச்சைப் பிடித்திருந்த வாரம், கேப்டன் ஊருக்குள் அவள் வீட்டுக்கே வந்தார். அவள் அவரைக் கீரை ஆய வைத்தாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவ. தயார் நிலைக்குத்தான்."

"அது எங்க போய் விழும் தம்பி?"

"அதெல்லாம் எனக்கே சொல்லமாட்டாங்கக்கா."

"எங்க விழுந்தாலும் அங்கயும் ஒருத்தி கீரை பறிச்சிட்டு இருப்பா. எங்காட்டுலருந்து அவ தலையில போடவா? முடியாது. என் காட்டக் குடுத்துட்டு இத எடுத்துட்டுப் போகச் சொல்லு, அன்னிக்குத் திருப்புறேன்."

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறவர்களிடம் அவள் ஒற்றைக்காலில் நின்றாள். மிரட்டினார்கள், பாதிரியாரைத் தூது விட்டார்கள். பயந்துதான் இருந்தாள், பாவம். சாவியைத் தலையணைக்குள் தைத்து வைத்தாள். கொடுக்கவில்லை.

1963 ஏப்ரலில் ஏவுகணைகளை எடுத்துப் போக உத்தரவு வந்தது. ஊரைச் சுற்றி நின்றவையெல்லாம் போயின. இவள் காட்டில் இருந்ததை இரண்டு கிரேனாலும் அசைக்க முடியவில்லை. கேப்டன் காட்டைத் திருப்பிக் கொடுக்கும் பத்திரத்தோடு ஓடி வந்தார். தொனாத்தா எழுத்துக்கூட்டி முழுதும் படித்தாள், ஞாயிற்றுக்கிழமைச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, காற்றில் சாவியைத் திருப்பினாள். ஏவுகணை வெங்காயம் பிடுங்கியதுபோல் வந்துவிட்டது.

அது நின்ற இடத்தில், அன்று இடித்த கல்குடிசை மறுபடி நின்றது, கதவு திறந்தபடி. உள்ளே மண்வெட்டி மாட்டிய ஆணியிலேயே தொங்கியது, துருவேறி. அதற்காக மட்டும் அவள் கேப்டனைக் கால்மணி நேரம் திட்டினாள். பிறகு அதைத் தீட்டிக்கொண்டு காங்கிரீட்டைக் கொத்த இறங்கினாள். விதைப்புக்குப் பருவம் தப்பிக்கொண்டிருந்தது.