நாலு எண்பத்தெட்டு

என் தங்கை நெல்டாவின் தாடையை அவள் புருஷன் வெல்டன் பிரேட்டர் உடைத்தது மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு. காரணம் என்ன தெரியுமா? கால் மைல் பந்தயத்தில் அவன் கார் தோற்றுப்போனது. ரூபன் டாக்கெட் என்ற வெல்டிங்காரனிடம், ஊரே பார்க்க, ஒரு கார் நீளத்தில் தோற்றான். அந்தக் கோபத்தை ரூபனிடம் காட்டத் துப்பில்லை. வீட்டுக்கு வந்து, உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்த இரும்பு வாணலியைப் பிடுங்கி அவள் முகத்திலேயே அடித்தான். எங்கள் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த வாணலி அது.

கேள்விப்பட்டு நான் சும்மா இருப்பேனா? போனேன். ஆறடி நாலங்குல எருமை அவன். என்னைப் பனிச்சேற்றில் புரட்டி எடுத்தான். அதோடு விட்டானா, என் வலது கையை இழுத்து அவன் கார் கதவிடுக்கில் வைத்து இரண்டு தடவை சாத்தினான். மூன்று விரல்கள் போயின. பிறகு என் காதருகே குனிந்தான்.

"மச்சான், அவ என்ன விட்டு ஓடப் பாத்தான்னு வை, அடுத்தது தாடை இல்ல, கழுத்து. ஞாபகம் வச்சுக்க."

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். "குடும்பச் சண்டை" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். டெட்ராய்ட் தொழிற்சாலைகளுக்காகக் கென்டக்கி மலையிலிருந்து வந்த ஜனங்கள் நாங்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு செத்தாலும் இந்த ஊரில் யாருக்கும் வலிக்காது.

நெல்டாவின் பற்களைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். ஆறு வாரம் பேசக் கூடாது, குழாயில் சூப் மட்டும். ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டில் எழுதிக் காட்டினாள்: 'அம்மாகிட்டப் போகணும் அண்ணே.' அம்மா இருப்பது நானூறு மைல் தெற்கே. அங்கே எங்கள் மாமன்கள் ஐந்து பேர் துப்பாக்கியோடு இருக்கிறார்கள். வெல்டன் வாலாட்ட முடியாது. ஆனால் போய்ச் சேர வேண்டுமே! அவளிடம் இருந்தது கனத்த பழைய ஸ்டேஷன் வேகன். அவனிடம் ஊரிலேயே பெரிய எஞ்சின் வைத்த கார். ஐந்து மைலுக்குள் பிடித்துவிடுவான்.

இரண்டு வாரம் கழித்து அந்த வெட்கங்கெட்டவன் என் கார் பட்டறைக்கே வந்தான். பின் அச்சில் பல், அதாவது கியர்ச் சக்கரம், மாற்ற இந்தப் பக்கம் என்னை விட்டால் ஆளில்லை.

"ரூபன் என்ன பல்லு போட்ருக்கான் மச்சான்?"

"நாலு பத்து."

அதாவது, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சினிலிருந்து பின்னால் வரும் ஷாஃப்ட் நாலு சுற்றும் கொஞ்சமும் சுற்ற வேண்டும். சைக்கிளில் பின்னால் பெரிய பல் போட்டால் மேட்டில் சுலபமாக ஏறும், சமதளத்தில் காலைப் பைத்தியம் மாதிரிச் சுழற்ற வேண்டும் இல்லையா, அதே கதைதான். எண் ஏற ஏற கிளம்புகிற பாய்ச்சல் ஏறும். நெடுஞ்சாலையில் எஞ்சின் கதறும். வெல்டன் காரில் இருந்தது இரண்டு எழுபத்தாறு. சோம்பலாகக் கிளம்பும், ஆனால் நாளெல்லாம் பறக்கும்.

"உனக்கு மூணு அம்பத்தஞ்சு போதும். சர்ச்சுக்கும் போய்க்கலாம்" என்றேன்.

"எவன்டா சர்ச்சுக்குப் போறான்? அவன் நாலு பத்துன்னா எனக்கு அதுக்கும் மேல வேணும்."

"மேலன்னா என்கிட்ட நாலு எண்பத்தெட்டுதான் இருக்கு. வேணாம்யா. கால் மைலுக்குச் சரி. ரோட்டுல தொண்ணூறத் தாண்டி அமுக்குன, எஞ்சின் செதறிரும்."

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை என் மனதில் எந்தத் திட்டமும் இல்லை. தொழில் தர்மத்துக்கு உண்மையைச் சொன்னேன். அதற்கு அவன் கொடுத்த கூலி, கன்னத்தில் ஓர் அறை.

"பொட்டப்பய மாதிரி பேசாத! நாலு எண்பத்தெட்டப் போடு. இந்தக் கிழவிப் பல்லத் தூக்கிக் குப்பைல வீசு."

வாயில் ரத்தம் உப்புக் கரித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. அவன் காருக்கும் நெல்டாவின் வேகனுக்கும் ஒரே மாதிரி அச்சு. பற்கள் அடங்கிய கட்டை முழுதாகக் கழன்று வரும், ஒன்றில் கழற்றியது இன்னொன்றில் முழுதாக மாட்டிக்கொள்ளும்.

"சரி மாப்ள, உன் இஷ்டம். அவ வண்டி பின்னால முனகுது, அதையும் கொண்டுவந்து விடு" என்றேன்.

என் கைக் கட்டைப் பார்த்துச் சிரித்தபடி, நாலு எண்பத்தெட்டுப் பல் கட்டையை அவனே தூக்கிக் காரில் மாட்டினான். ஆனால் யாரையும் நம்பாத ஜென்மம். எங்கள் ஆட்கள் யாருமே அடுத்தவன் சொல்லும் எண்ணை நம்புவதில்லை. இரண்டு பின்சக்கரத்தையும் ஜாக்கியில் ஏற்றி, டயரிலும் ஷாஃப்டிலும் சாக்கட்டியால் கோடு போட்டு, அடியில் படுத்துக்கொண்டான். நான் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சுக்கு ஒரு விரக்கடதான்டா கம்மி! இன்னொரு தடவ சுத்து!"

அவன் நெஞ்சு அச்சுக்கு நேர் கீழே இருந்தது. ஜாக்கியை ஓர் உதை விட்டால் போதும். என் இடது கால் எழுந்தேவிட்டது. ஜெயிலுக்குப் பயந்தேன், அதை மறைப்பானேன்? காலை இறக்கிவிட்டு இரண்டாவது சுற்றைச் சுற்றினேன்.

மறுநாள் ரூபன் வந்து கை கொடுத்தான். வெல்டன் காரிலிருந்து கழற்றிய கிழவிப் பல் நெல்டாவின் வேகனுக்குள் போனது. ஒரு பெண்பிள்ளையின் வண்டிக்கு அடியில் படுத்து எண்ணிப் பார்க்க வெல்டனுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. கம்பியைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு என்று வெல்டனிடம் எழுதிக் காட்டிவிட்டு நெல்டா என்னோடு கிளம்பினாள். அவளே ஓட்டினாள், என் கை இன்னும் கட்டில் இருந்தது. ஆஸ்பத்திரித் திருப்பத்தைத் தாண்டி நெடுஞ்சாலைக்கு முந்தைய சிக்னலில் நின்றோம். பின்னால் அந்த உறுமல் கேட்டது. அடுப்பில் வாணலி இல்லாததைப் பார்த்துவிட்டான் பாவி! அதை மட்டும் அவளால் விட்டுவர முடியவில்லை.

இறங்கி ஓடிவந்தான். கையில் டயர் கம்பி. ஒரே அடியில் பின் கண்ணாடி நொறுங்கியது. அடுத்த அடி என் பக்கம். கண்ணாடித் துண்டுகள் என் கழுத்தில் இறங்கின. உள்ளே கைவிட்டு நெல்டாவின் முடியைப் பிடித்தான். அவன் மணிக்கட்டை நான் எலும்பு தட்டும்வரை கடித்தேன். அவன் கத்திய நொடியில் நெல்டா சிவப்பு விளக்கைத் தாண்டி அழுத்தினாள்.

வேகன் மெல்லத்தான் கிளம்பியது. அவன் காரோ வில்லிலிருந்து விட்ட அம்பு. நெடுஞ்சாலையில் ஏறும் சரிவுப்பாதை முடிவதற்குள் எங்கள் பின்பக்கத்தில் இடித்தான். மறுபடி இடித்தான். என் தலை முன்கண்ணாடியில் மோதியது. "அவ்வளவுதான், செத்தோம்" என்று வாய்விட்டே கத்திவிட்டேன்.

"அமுக்கு நெல்டா! கால எடுக்காத!"

எழுபது மைல். எண்பது. உடைந்த ஓட்டை வழியே அவன் பல்லைக் கடிப்பதுகூடத் தெரிந்தது. தொண்ணூறு. இப்போது அவன் எஞ்சின் கதறுவது எங்கள் காற்றையும் மீறிக் கேட்டது. நூறு. எங்கள் எஞ்சின் அலட்டிக்கொள்ளவே இல்லை. எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கார் நீளம் விழுந்தது, பிறகு இரண்டு. விட்டுத்தொலைக்கக் கூடாதா? அவனா விடுவான்! நூற்றைந்தில் டமாரென்று ஒரு சத்தம். பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு எஞ்சினைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கொட்டிய எண்ணெயில் அவன் டயர்களே வழுக்கின. கார் குறுக்கே திரும்பி, கம்பி வேலியில் மோதி, மூன்று தடவை உருண்டது.

நெல்டா ஓரமாக நிறுத்தினாள். வண்டியைப் பின்னோக்கியே ஓட்டி அவன் கிடந்த இடத்துக்கு வந்தாள். "வேணாம்மா, போயிரலாம்" என்றேன். கேட்கவில்லை.

வெல்டன் கதவு வழியே பாதி வெளியே கிடந்தான். ஒரு கால் தப்பான பக்கம் மடங்கியிருந்தது, கொதிக்கும் எண்ணெய் பட்ட முகம் கொப்புளித்திருந்தது. உயிர் இருந்தது, வாயும் இருந்தது.

"என்ன... என்ன பல்லுடா போட்ட மச்சான்?"

"நீ எண்ணுனியே, அதே பல்லுதான்."

நெல்டா வாணலியோடு வந்தாள். இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாள். நான் தடுக்கவில்லை, ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. அந்த எருமை இரண்டு கையாலும் தன் தாடையைப் பொத்திக்கொண்டு, "அடிக்காத நெல்டா, அடிக்காத" என்று குழந்தை மாதிரி அழுதது.

அவள் அவனையே பார்த்தபடி நின்றாள். வாணலியை இறக்கினாள். எதிர்ப்புறம் லாரி ஒன்று நின்று, ஓட்டுநர் இறங்கி ஓடிவந்துகொண்டிருந்தார். இனி அவன் அவர் பாடு. நெல்டா என் பக்கம் திரும்பினாள். கட்டிய பற்களுக்கு நடுவிலிருந்து, ஒரு மாதம் கழித்து, தங்கையின் குரலைக் கேட்டேன்.

"கிழவி நல்லா ஓடுறா அண்ணே. ஏறு."