வராத கைக்கு முதல் மரியாதை

"கத்திரிக்கோலை எடு. முதுகுப் பக்கம் வெட்டிப் போட்டுவிட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் மாமா.

"அவருக்குத் தெரியும்" என்றாள் அம்மா, அறை வாசலில் நின்றபடி. "ஒரு பொத்தான் போனாலே வெளிய இறங்க மாட்டாரு. வெட்டின சட்டையோடவா போவாரு?"

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த அப்பா பிறகு எழுந்திருக்கவேயில்லை. உடம்பில் சூடு இன்னும் முழுக்க ஆறவில்லை. மகள் வாங்கித் தந்த புது நீலச் சட்டை வலக்கையில் ஏறிவிட்டது. இடக்கைதான் மல்லுக்கு நின்றது. சர்க்கரை நோயில் அந்தத் தோள் இறுகிப்போய், கை நெஞ்சுக்கு மேல் ஏறாது. போக்குவரத்துப் போலீஸ்காரராக ஊர் வண்டிகளையெல்லாம் அந்தக் கையால் நிறுத்தியவர். "இனிமே எல்லாரும் போகலாம், நிறுத்த ஆளில்லை" என்று தன்னையே கேலி செய்துகொள்வார்.

"விறைச்சுப் போச்சுக்கா."

"இன்னிக்கு நேத்தா விறைச்சது? நகருடா. கழட்டும்மா அதை. வராத கைக்குத்தான் முதல் மரியாதை."

மகள் கழற்றினாள். அம்மா சொல்லச் சொல்ல, சட்டைக் கையைச் சுருட்டி வளையமாக்கினாள்.

"கையைத் தூக்காதே. சட்டையைக் கைகிட்ட கொண்டு போ. தோள் வரைக்கும். ஆங்... இப்ப முதுகுப்பக்கமா சுத்தி, நல்ல கைக்கு."

சட்டை சொன்ன பேச்சு கேட்டு உட்கார்ந்தது.

"உயிரோட இருக்கும்போதும் அத்தான் என் பேச்சைக் கேட்டதில்லை" என்றார் மாமா. முதலில் சிரித்தது அம்மாதான்.

அந்தச் சிரிப்பில் அவள் கொண்டை அவிழ்ந்தது. அவளும் சர்க்கரைக்காரி, அவளுக்கு வலத்தோள் இறுக்கம். காலையில் அவள் அவருக்குச் சட்டை போட்டுவிடுவாள், அவர் அவளுக்குக் கொண்டை போட்டுவிடுவார். "ரெண்டு பேருக்குமா சேர்த்து ரெண்டு நல்ல கை இருக்கே, போதாதா?" என்பார்.

வெளியே செருப்புச் சத்தங்கள் கேட்கத் தொடங்கின. மகள் சீப்பை எடுத்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரும்மா. வாரிவிடறேன்."

அம்மா கட்டிலுக்கடியிலிருந்து குட்டை முக்காலியைக் காலால் இழுத்தாள்.

"எனக்குக் கை மேல வரும்மா. நாற்காலியிலயே உக்காரு."

அம்மா அதற்குள் முக்காலியில் உட்கார்ந்து, தலையையும் தாழ்த்திவிட்டிருந்தாள். மகள் நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு, அவள் பின்னால் மண்டியிட்டாள்.