உத்தரியத்துக்குள்ள ஒரு ஸ்பானியக் காசு

1.
...ஓம், அந்தக் கடதாசிதான். எங்கட வீட்டு அலுமாரி லாச்சிக்குள்ள கிடந்திச்சு எண்டனே, பென்சிலால தேய்ச்செடுத்த ஒரு காசுட உருவம். நடுவுல சிலுவை. ஓரம் நண்டு கடிச்ச ரொட்டி மாதிரி. மத்ததெல்லாம் நானே கட்டின கதை.

முதல்ல இப்பிடித் தொடங்கினன்: "1938ஆம் ஆண்டு, கற்பிட்டிக் கடல் அமைதியாக..." சீ, வேணாம்.

2.
ஹாசிம். தில்லையடியில பலசரக்குக் கடை. பழங்காசெண்டா பைத்தியம். ஒல்லாந்தர் காசு, போத்துக்கீசர் காசு எல்லாம் சேர்த்தவர். ஸ்பானியத் தங்கம் மட்டும் கிடைக்கல்ல. ஒருநாள் பஸ்தியான் எண்ட மீன்பிடிகாரன், வலையில வந்ததெண்டு ஒண்டைக் கொண்டுவந்து காட்டினான். ஹாசிம் உடனே விலை கேட்டார்.

"சிலுவையை விக்கிறதா, ஹாசிம் நானா?"

"கழுத்துல போடுற சுரூபமில்லடா அது, ஸ்பானிய ராசாட காசு."

"ராசாவுக்கும் சிலுவை வேணும்தானே."

(பஸ்தியானுக்கு இன்னும் ரெண்டு பகிடி வச்சிருந்தன். அவனைக் கொஞ்சநேரம் உயிரோட வச்சிருக்கத்தான். வெட்டிட்டன்.)

ஹாசிமைக் கடதாசி வச்சுத் தேய்ச்செடுக்க மட்டும் விட்டான். பிறகு சாமியாரிட்ட மந்திரிச்சு, மாதா பேரால கழுத்துல போடுற உத்தரியத் துணிக்குள்ள வச்சுத் தைச்சுட்டான். தைச்சதைப் பிரிக்கக்கூடாது. அதால, பிறகு கட்டின மனுசி அனஸ்தாசியா அந்தக் காசைக் கண்ணால கண்டதே இல்ல.

3.
கடலுக்குப் போன பஸ்தியான் திரும்பி வரல்ல. மூணு கிழமையால எத்தாளைக் கரையில ஒரு பிணம் ஒதுங்கிச்சு. முகம் இல்ல. பேரில்லாமத் தாட்டாங்க. தாட்டவன் கழுத்துத் துணியை வெட்டி, உள்ளுக்கு இருந்ததை ஹாசிமிட்ட வித்துட்டான்.

ஹாசிம் அந்தக் கடதாசியைப் பக்கத்துல வச்சுப் பார்த்தார்.* அதே சிலுவை. அதே கடி.

ரெண்டு மாசமா ஒருத்தருக்கும் சொல்லல்ல.

(இங்க அவரை நல்லவராக்கப் பார்த்தன். "அவளின் துயரத்தை எண்ணி அவர்..." முடிக்க ஏலாமப் போச்சு.)

* கையால வெட்டி அடிச்ச காசு. ரெண்டு ஒருநாளும் ஒண்டுபோல இருக்காது.

4.
பிணத்துட கழுத்துல ஏதோ இருந்ததாம், அதை ஹாசிம் வாங்கினாராம் எண்டு காதுல விழுந்து, அனஸ்தாசியா கடைக்கு வாறா.

"நானா, தினம் செபம் சொல்றன். உயிரோட வரவேணும் எண்டு சொல்றதா, ஆத்துமத்துக்குச் சொல்றதா? அதை மட்டும் சொல்லுங்க."

ஹாசிம் மேசைக்குக் கீழால காசைத் தடவி எடுக்கிறார்.

"நான் பார்த்ததில்ல. ஆனா அவர் நெஞ்சுல தலை வச்சா, துணியோட கன்னத்துல குத்தும். ஒருக்காத் தாங்க, தொட்டுச் சொல்றன்."

கையை நீட்டுறா. காசு ஹாசிம்ட பொத்தின கைக்குள்ள.

5.
முடிவு ஒண்டு: கையைத் திறக்கிறார். அவவுக்குப் புருசன் போறான், இவருக்குக் காசு போகுது.

முடிவு ரெண்டு: "அது வேற ஆள், தங்கச்சி." அவ கண்ணைத் துடைச்சிட்டு, சாகுமட்டும் காத்திருக்கப் போறா. அந்தப் பொய் இரக்கமா, காசுல ஆசையா? ஹாசிமுக்கே தெரியாது. எனக்கும்தான்.

லாச்சிக்குள்ள கடதாசி மட்டும்தான், காசு இல்ல. குடுத்திருப்பார். இல்லாட்டி வேற எங்கயாவது ஒளிச்சு...

அவட கை இன்னும் நீட்டினபடிதான் இருக்கு. நீங்க என்ன நினைக்கிறீங்க, நான் ஹாசிம்ட கையைத் திறக்கட்டா?