பூட்டுக்காரர் வீட்டுச் சண்டையைப் படமெடுத்த கதை

போரின் முதல் வருடத்தில், ஒரு மத்தியான வேளையில், மலையிலிருந்து வந்த பீரங்கிக் குண்டு ஒன்று பூட்டுக்காரர் வீட்டுக் கூரைக்கு மேலே வந்து நின்று, உள்ளே சண்டை நடப்பதைக் கேட்டுவிட்டு, திரும்பிப் போய் ஆற்றில் விழுந்தது. பார்த்தவர்கள் பலர். குண்டு எவ்வளவு உயரத்தில் நின்றது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ரொட்டிக்கடைக்காரர் மொட்டைமாடி உயரம் என்பார்; முடிதிருத்துபவர் அதெல்லாம் இல்லை, தந்திக்கம்ப உயரம் என்பார். நின்ற விதத்தில் மட்டும் வேறுபாடு கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டுக்குப் போனவர், உள்ளே பாத்திரம் உருளுவதைக் கேட்டதும் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்குவாரே, அப்படித் தயங்கியது. பிறகு நமக்கெதற்கு வம்பு என்பதுபோல மெல்லத் திரும்பிக்கொண்டது. அன்று மண்ணெண்ணெய் விலை ஏறியிருந்ததால் தெரு அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

பூட்டுக்காரர் வாசல் அறையில் உட்கார்ந்து அரத்தால் சாவி ராவுகிறவர். ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கெல்லாம் பூட்டு வேண்டும், திரும்பி வருகிறவர்களுக்கெல்லாம் தொலைந்த சாவி வேண்டும் என்பதால் போரில் அவருக்கு ஓய்வே இல்லை. அவர் மனைவி தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவர். கரகரக்கும் கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல். கம்பிகளை அறுத்துவிட்டதால் அந்தக் குரல் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பூட்டுக்காரரின் தங்கை பூகோள டீச்சர். கடைசி பெஞ்சுவரை எட்டும் குரல். பள்ளிக்கூடத்தைச் சிப்பாய்கள் எடுத்துக்கொண்டதால், ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். ஆக, ஊரிலேயே தூரம் போகக்கூடிய இரண்டு குரல்கள் ஒரே சமையலறையில் மாட்டிக்கொண்டன. காலையில் ஜன்னலில் தொடங்குவார்கள். காற்று வரட்டும் என்று நாத்தனார் திறப்பார், துவைத்த துணியில் புழுதி படியும் என்று அண்ணி சாத்துவார். மத்தியானத்துக்குள் அது கல்யாணத்தன்று யார் யாரை "வாங்க" என்று கூப்பிடவில்லை என்பதில் போய் நிற்கும். பூட்டுக்காரர் தலை நிமிராமல் ராவிக்கொண்டிருப்பார். யார் பக்கமும் பேசாமல் இருப்பதற்கும் ஒரு கைத்திறமை வேண்டும். அது அவரிடம் இருந்தது.

பூட்டுக்காரர் தம்பதிக்கு ஒரே மகன். போர் தொடங்கிய மாதம், பட்டணத்துக்குப் போன பஸ்ஸை மறித்து, மலைப்பக்கத்துக்காரர்கள் இளவட்டங்களை மட்டும் இறக்கிக் கூட்டிக்கொண்டு போனபோது அவனும் போனான். அந்த வீட்டில் அவனைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் பேசினார்கள்.

இரண்டாவது குண்டும் மூன்றாவது குண்டும் அதேபோலத் திரும்பிப் போனபின் தெருவுக்கு விஷயம் பிடிபட்டது. அந்த வீட்டில் சண்டை நடக்கும்வரை தெருவுக்கு ஆபத்தில்லை. அதன்பிறகு கோள்மூட்டுவது பொதுச்சேவை ஆகிவிட்டது. ரொட்டிக்கடைக்காரர் மனைவி தினமும் பின்வாசல் வழியாக வந்து, "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்று ஆரம்பிப்பார். முடிதிருத்துபவர் ஒருநாள் ஒரே செய்தியை இருவரிடமும் இரண்டு விதமாகச் சொல்லி, சாயங்காலம்வரை தெருவைக் காப்பாற்றினார். இந்தப் பெருமை ஒரு வீட்டுக்கு மட்டும்தானா என்று தபால்காரரும் அவர் மனைவியும்கூட ஒரு சண்டையை ஒத்திகை பார்த்து நடத்தினார்கள். அன்றைக்குப் பார்த்து பூட்டுக்காரர் வீட்டில் இருவருக்கும் தொண்டை கட்டியிருந்தது. குண்டு சற்று நேரம் தபால்காரர் வீட்டுக்கு மேலே காதுகொடுத்துக் கேட்டது. கேட்டுவிட்டு அவர்கள் குளியலறையைத் தூக்கிக்கொண்டு போனது. நல்லவேளையாக அன்று யாரும் குளிக்கவில்லை.

இரண்டாம் வருடத்தில் படக்காரி வந்தார். கழுத்தில் மாட்டிய கேமராவும், தோளில் பையும், இரண்டு பக்கத்துத் தளபதிகளிடமும் வாங்கிய அனுமதியுமாக வந்தவரை அந்தத் தெரு படக்காரி என்பதைத் தவிர வேறு பெயர் வைத்து அழைக்கவில்லை. உள்நாட்டுப் போரில் ஒரு சாதாரணக் குடும்பம் எப்படி வாழ்கிறது என்று ஆவணப்படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மலையில் கொஞ்ச நாள் தங்கிச் சிப்பாய்களை எடுத்துவிட்டு, வீடு தேடிக் கீழே இறங்கியிருந்தார். சாதாரணக் குடும்பம் வேண்டும் என்று அவர் கேட்டதும், தெருவிலுள்ள மற்றவர்களுக்கெல்லாம் வெட்கம் வந்துவிட்டதால், பூட்டுக்காரர் வீட்டைக் கைகாட்டினார்கள். அதைப்போன்ற முட்டாள்தனம் வேறில்லை என்று இரண்டாம் நாளே தெரிந்தது.

கேமராவைக் கண்டதும் அண்ணியும் நாத்தனாரும் நல்லவர்கள் ஆகிவிட்டார்கள். நாத்தனார் விசேஷத்துக்கு எடுத்துவைத்திருந்த உடுப்பைப் போட்டுக்கொண்டார். அண்ணி தொலைபேசியில் பேசும் குரலை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணி, நீங்க உக்காருங்க. நான் பாத்துக்கறேன்."

"ஐயோ, நீதாம்மா காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்க. ஜன்னலைத் திறந்து விடட்டா? உனக்குப் புழுங்கும்."

"சாத்தியே இருக்கட்டும் அண்ணி. துணி அழுக்காயிடும்."

பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டார். ராவிக்கொண்டிருந்த சாவி எந்தப் பூட்டுக்கும் சேராமல் போயிற்று.

அன்று மாலை குண்டு வந்தது. தயங்கவேயில்லை. சலூன் வாசலில் இறங்கி, சுழல் நாற்காலியையும் சுவரளவு கண்ணாடியையும் நொறுக்கியது. முடிதிருத்துபவர் பூட்டுக்காரர் வீட்டு ஜன்னலடியில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்ததால் உயிர் தப்பினார். மறுநாள் தண்ணீர்த்தொட்டி போயிற்று. அதில் அடிபட்ட ரொட்டிக்கடைக்காரர் மனைவி காலில் கட்டோடு நொண்டி நொண்டி வந்து இருவரிடமும் என்னென்னவோ மூட்டிப் பார்த்தார். "அண்ணி அப்படிச் சொல்லியிருந்தா என் நல்லதுக்காத்தான் இருக்கும்" என்று நாத்தனார் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். தெருவே கதிகலங்கியது.

எல்லோரும் சேர்ந்து படக்காரியிடம் போனார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நான் எதையும் தூண்டிவிடக் கூடாதுங்க. நடக்கறதை மட்டும்தான் எடுக்கணும்" என்றார்.

"நடந்துக்கிட்டிருந்ததைத்தான் நீங்க வந்து நிறுத்திட்டீங்க" என்றார் முடிதிருத்துபவர்.

படக்காரிக்கு அது உறைத்தது. மறுநாள் கேமராவை மூடி வைத்துவிட்டு, போய்விடுவதாகச் சொன்னார். அப்போதும் இருவரும் சண்டை போடவில்லை. இவ்வளவு நாள் உலகம் பார்க்கப் பேசிவிட்டு உடனே எப்படிப் பழையபடி பேசுவது என்று கூச்சமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் இருவரும் அந்த மரியாதையில் மெலிந்துபோயிருந்தார்கள். நாத்தனாருக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை.

கிளம்புவதற்குமுன், மின்சாரம் வந்த நேரத்தில், படக்காரி பூட்டுக்காரரின் பட்டறை மேசையில் ஒரு சின்னத் திரையை வைத்து, மலையில் எடுத்ததை ஓடவிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வெளியே குண்டு வரும் விசில் சத்தம் கேட்டது. தெருவில் எல்லோரும் குப்புறப் படுத்தார்கள். உள்ளே தேநீர் கொண்டுவந்த நாத்தனார் திரையைப் பார்த்தார். கையிலிருந்த தம்ளரை மேசைமேல் வைத்தார்.

"அண்ணி" என்றார். அது கேமராவுக்கான குரல் இல்லை. "அண்ணி, ஓடி வாங்க."

திரையில் பீரங்கி ஒன்று. அதன் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, ஒருவன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவர்கள் மகன்.

பூட்டுக்காரர் எழுந்து நின்றார். விசில் சத்தம் நெருங்கி வந்தது.

"இளைச்சுட்டான்" என்றார் அம்மா.

"இளைக்கல" என்றார் அத்தை. "முடியை ஒட்ட வெட்டியிருக்காங்க. அதான் அப்படித் தெரியுது."

"பெத்தவளுக்குத் தெரியாதா? கன்னம் ஒட்டிப் போச்சு."

"வாய் நிறைய ரொட்டி வச்சிருக்கான், கன்னம் எங்க ஒட்டுச்சு? தோளைப் பாருங்க, நல்லா அகலமாத்தான் ஆயிருக்கான்."

விசில் சத்தம் கூரைக்கு மேலே வந்து நின்றது. படுத்திருந்தவர்கள் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார்கள். படக்காரி என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கேமராவைத் திறந்தார். இப்போது அதை யாரும் கவனிக்கவில்லை.

"உனக்கு அப்படித்தான் தெரியும்" என்றார் அம்மா. "உன் மூக்குக் கண்ணாடியை வாங்கத்தானே அவன் அந்த பஸ்ல போனான்!"

இரண்டு வருடமாக ஜன்னலுக்கும் துணிக்கும் உப்புக்கும் பின்னால் நின்றிருந்த வார்த்தை அது. வெளியே வந்துவிட்டது.

"தெரியும்" என்றார் அத்தை. "அன்னையிலேர்ந்து நான் கண்ணாடியே போடல. கவனிச்சீங்களா அண்ணி?"

அம்மா கவனித்திருக்கவில்லை. நாத்தனாரின் முகத்தை அப்போதுதான் உற்றுப் பார்த்தார். ஒரு நிமிடம் மனைவி விழுந்துவிடுவாரோ என்று பூட்டுக்காரர் கையை நீட்டினார். ஆனால் அம்மா அடுத்த மூச்சில் கேட்டார்: "அப்ப கண்ணாடி இல்லாமலேதான் அவன் இளைக்கலன்னு அடிச்சுப் பேசறியா?"

"என் பிள்ளையைப் பாக்க எனக்குக் கண்ணாடி எதுக்கு?"

"யாரு பிள்ளை?"

அதற்குமேல் சொற்கள் பிரித்துக் கேட்கும்படி இல்லை. அந்தச் சண்டை சாயங்காலம்வரை நடந்தது. அழுதுகொண்டே நடந்தது, மூக்கைச் சிந்திக்கொண்டே நடந்தது, நடுவில் ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுத்துக்கொண்டும் நடந்தது. வழியில் வந்த எல்லாக் குண்டுகளும் கூரைக்கு மேலே வரிசையாக நின்று கேட்டுவிட்டு, ஒவ்வொன்றாக ஆற்றுக்குப் போயின. வாசலில் வந்து அண்ணாந்து பார்த்த அம்மாவுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. "பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே இப்படித்தான். வீட்டுக்குள்ள சத்தம் கேட்டா வாசல்லயே திரும்பி ஆத்தங்கரைக்குப் போயிடுவான். அவன் விட்டது மட்டும் வேற மாதிரியா இருக்கும்?" என்றார். அத்தை அதை மறுக்கவில்லை. அன்று அவர் மறுக்காத ஒரே விஷயம் அதுதான்.

படக்காரி மறுபடி மலைக்குப் போனபோது அந்தச் சண்டையை அவனுக்குப் போட்டுக் காட்டினார். அவன் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு முழுவதும் கேட்டான். சிரித்தான் என்றும் அழுதான் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். கேமராவைப் படக்காரி அப்போது தரையில் வைத்திருந்தார். அவன் அதுவரை தனக்குக் குறிபார்க்க வராது என்றே நினைத்திருந்தான். தளபதியும் அப்படித்தான் நினைத்தார். ஒருநாள் அவரே குறிபார்த்து, அவனைச் சுடும் கயிற்றை மட்டும் இழுக்கச் சொன்னார். அதுவும் ஆற்றில்தான் விழுந்தது. இந்த மாதிரி ஆளை நாம் வைத்துக்கொண்டு தீனி போடுவதைவிட எதிரிப் பக்கம் அனுப்பினால் அவர்களாவது நாசமாகப் போவார்கள் என்று யோசித்து, அவனைச் சகல மரியாதையோடும் கீழே இறக்கிவிட்டார். போர்த் தந்திரங்களில் இது சிறந்தது என்று அவர் தன் அதிகாரிகளுக்கு அறிக்கை எழுதியதாகவும் கேள்வி.

அவன் தெருமுனைக்கு வந்ததும் அம்மாவும் அத்தையும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகவில்லை. நேராக ரொட்டிக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய், மாவு மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினார்கள். கடிகாரம் போல வட்ட முகமும் ஒற்றை முள்ளும் உள்ள தராசு அது. அம்மா முன்னால் வந்து பார்த்தார். முள் போருக்கு முந்தைய எடைக்கு நன்றாகக் கீழே நின்றது. "பாத்தியா?" என்றார். அத்தை அவரை நகர்த்திவிட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே முள் மெல்ல நகர்ந்து, போருக்கு முந்தைய எடையையும் தாண்டிப் போய் நின்றது. "நல்லாப் பாருங்க அண்ணி" என்றார். அம்மா மறுபடி வந்தார், முள் இறங்கியது. அத்தை வந்தார், ஏறியது. பையன் அசையாமல் நின்றான். ரொட்டிக்கடைக்காரர் தராசுக்கு எண்ணெய் போட்டார். பூட்டுக்காரர் அதைக் கழற்றி, சுருள்வில்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, திரும்ப மாட்டினார். "தராசுல ஒரு குறையும் இல்ல" என்றார். வருடக்கணக்கில் அந்தக் குடும்ப விவகாரத்தில் அவர் சொன்ன ஒரே தீர்ப்பு அதுதான். அது யார் பக்கமும் இல்லை என்பதைத் தெரு கவனித்தது.

அவனோடு இறங்கி வந்திருந்த படக்காரி எடுத்த படம் அந்தக் காட்சியோடு முடிகிறது. போர் அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் நடந்து, இரண்டு பக்கமும் களைத்துப்போனதால் நின்றது. மலையில் இப்போது ஆடு மேய்க்கிறார்கள். படம் பல நாடுகளுக்குப் போனது. போன இடத்திலெல்லாம் அரங்கைவிட்டு வந்தவர்கள் இளைத்துவிட்டான், இல்லை என்று இரண்டாகப் பிரிந்து வாசலில் நின்று வாதாடினார்களாம். யாருக்கும் காயமில்லை. அம்மாவும் அத்தையும் படம் பார்க்கப் போனார்கள். யார் அதிக நேரம் வருகிறார்கள் என்பதில் தகராறு வந்து, பாதியில் விளக்கைப் போட வேண்டியதாயிற்று.

அவனுக்கு இப்போது கல்யாணமாகி, அப்பாவோடு சேர்ந்து சாவி ராவுகிறான். அவனுக்கு இரண்டு எடை. ஊரில் யாருக்கும் இதில் குழப்பமில்லை. படகுக்காரர் அம்மா சொல்லும் எடையை வைத்து ஆள் ஏற்றுகிறார். தையல்காரர் அத்தை சொல்லும் எடைக்குத் துணி வெட்டுகிறார். ஆஸ்பத்திரி அட்டையில் இரண்டையும் எழுதி நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். காய்ச்சல் என்று போனால், மருந்தை எந்த எடைக்குக் கொடுப்பது என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வரச் சொல்கிறார் நர்ஸ். வீட்டில் அதைப் பேசி முடிப்பதற்குள் அவனுக்குக் காய்ச்சல் விட்டுவிடுகிறது.