நெட்டில் பார்த்த காய்ச்சல்

ராஜப்ரியாவுக்கு ஊட்டியில் கல்லூரிப் படிப்பு ஒன்று, ஊரில் வைத்தியத் தொழில் ஒன்று. இரண்டாவதை அவள் கேட்டு வாங்கவில்லை. ஜெகதளாவுக்கு மேலே இருக்கும் எஸ்டேட் லைன் வீடுகளில் யாருக்குக் காது குடைந்தாலும், குழந்தை பாலைக் கக்கினாலும், ‘பாண்டியராஜ் மகளுக்குப் போனைப் போடு’ என்பார்கள். தான் படிப்பது விலங்கியல் என்று அவள் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். ஆடு மாட்டைப் பற்றிப் படிக்கிறவளுக்கு மனுஷனைப் பற்றித் தெரியாதா என்று பக்கத்து வீட்டு ராக்கம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

சொல்லப்போனால் இதில் ராஜப்ரியாவின் கைங்கரியமும் கொஞ்சம் உண்டு. கல்லூரி நூலகத்தில் ஒருநாள், உடம்பைப் பற்றி இணையத்தில் எதை நம்பலாம் எதை நம்பக்கூடாது என்று ஒரு வகுப்பு நடந்தது. எழுதியவர் யார், எப்போது எழுதியது, எதையாவது நம் தலையில் கட்டப் பார்க்கிறார்களா என்று பார்க்கச் சொன்னார்கள். அன்றைக்கு ஊட்டியிலிருந்து திரும்பியவள் அப்பாவின் வாட்ஸ்அப் வைத்தியங்களை நார் நாராகக் கிழித்தாள். பப்பாளி இலைச் சாறும் போயிற்று, வெங்காயத்தைப் பாதத்தில் கட்டிக்கொண்டு தூங்குவதும் போயிற்று. பாண்டியராஜ் பாவம், குட்மார்னிங் படம் அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டார். அம்மா சுகந்திக்கோ மகளை நினைத்துத் தலைகால் புரியவில்லை.

அதனால் ஐப்பசி மழையில் சுகந்திக்குக் காய்ச்சல் கண்டபோது, எஸ்டேட் டிஸ்பென்சரி கூப்பிடு தூரத்தில் இருந்தும், அவள் ஊட்டி ஹாஸ்டலுக்குத்தான் போன் போட்டாள்.

“குளிருதாம்மா?”

“குளிருது கண்ணு. தலைதான் பொளக்குது.”

“பூச்சி ஏதாச்சும் கடிச்சுதா?”

“தேயிலக் காட்டுல நிக்கறவள அட்டை கடிக்காம என்ன பண்ணும்? அதெல்லாம் ஒரு கடியா.”

“உடம்புல புண்ணு கிண்ணு ஏதாச்சும் இருக்குதா? கருப்பா, தடிப்பா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

ராஜப்ரியா குறை வைக்காமல்தான் தேடினாள். அரசாங்கத்துப் பக்கம் ஒன்று, பெரிய மருத்துவமனையின் பக்கம் ஒன்று, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம், ஓய்வு எடுக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சீக்கிரம் குறையாவிட்டால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று படித்ததை அப்படியே அம்மாவிடம் ஒப்பித்தாள். சுகந்தி அதில் வைரஸை மட்டும் எடுத்துக்கொண்டாள். ‘வைரஸாம், தானாப் போயிருமாம், எம் மக நெட்டுல பாத்துட்டா’ என்று லைன் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

நடுவில் ஒருநாள் அப்பா கூப்பிட்டார். “ஆஸ்பத்திரிக்கு வாடின்னா வரமாட்டேங்கறா. பாப்பாவே சொல்லிருச்சு, நீ என்ன பெரிய டாக்டரான்னு என்னையக் கேக்கறா.”

“நான் போகச் சொல்லித்தானப்பா சொன்னேன்.”

அதற்குள் அம்மா போனைப் பிடுங்கி, மாத்திரையில் காய்ச்சல் விட்டுவிட்டது, நீ பரீட்சைக்குப் படி என்றாள். குரல் தெம்பாகத்தான் கேட்டது. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்கு யாருக்கும் குரல் தெம்பாகத்தான் இருக்கும். அது அப்போது ராஜப்ரியாவின் புத்திக்கு எட்டவில்லை.

சனிக்கிழமை காலை பஸ்ஸை விட்டிறங்கி மேடேறி வந்தபோது, வாசலில் அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது. கண் இரண்டும் மிளகாய்ப் பொடி பட்டதுபோல் சிவந்திருந்தது. தேயிலைச் செடி கிழிக்காமல், ஈரம் ஏறாமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் முரட்டுப் படங்கைக் கட்டிக் கயிற்றை இறுக்கியவள், கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள்.

ராஜப்ரியா ஓடிவந்து தாங்கினாள். மூச்சு விடட்டும் என்று கயிற்றை அவிழ்த்தாள். சேலை விலகியபோது இடுப்பில் கயிறு அழுந்தும் இடத்தில் அது தெரிந்தது.

“இது என்னம்மா?”

“எது? படங்குக் கயிறு உரசுனது.”

“புண்ணு எதுவும் இல்லைன்னு சொன்னே.”

“இது ஒரு புண்ணாடி? கொழுந்து பறிக்கறவ யாருக்கு இது இல்ல? ராக்கம்மாளப் பாரு, ரெண்டு பக்கமும் இருக்கும்.”

அது உண்மைதான். காலம் பூராவும் கயிறு இறுக்கி இறுக்கி லைனில் எல்லாப் பெண்களுக்கும் இடுப்பு கறுத்துத்தான் கிடக்கும். உள்ளங்கைக் காய்ப்பை யாராவது நோய் என்பார்களா, அதுபோல்தான் இதையும் யாரும் புண் என்பதில்லை. ஆனால் இது வேறு. பீடி நெருப்பால் சுட்டதுபோல் வட்டமாக, கறுப்புப் பொருக்கோடு, சுற்றிலும் சிவந்து கிடந்தது. இதே படத்தை அவள் ஹாஸ்டலில் பார்த்திருக்கிறாள். கண்ணுக்கே தெரியாத ஒரு சின்ன உண்ணி கடித்து வரும் காய்ச்சல் என்று கீழே போட்டிருந்தது. புண் எதுவும் இல்லை என்று அம்மா சொன்னதால் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம். இப்பவே.”

“நீதான வைரஸுன்ன?”

“இது வேறம்மா. உண்ணிக் காய்ச்சல். சும்மா விட்டா ஆளையே கொன்னுரும். இங்க பாரு.” போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினாள்.

சுகந்தி பார்த்தாள். “அன்னைக்குப் பாத்ததும் இதே போன்தான? அன்னைக்கு ஒண்ணு இன்னைக்கு ஒண்ணா சொல்லும்? இன்னைக்கு லீவு போட முடியாது. நகரு.”

வேலைக்குக் கிளம்பிய பெண்கள் ஒவ்வொருவராக வாசலில் நின்றார்கள். ராக்கம்மா சமாதானத்துக்கு வந்தாள். “ஏங்கண்ணு, நீதான அன்னைக்குச் சொன்ன? தேடத் தேடப் பெரிய பெரிய வியாதியாத்தான் காட்டும், பயந்துக்காதீங்கன்னு. இப்ப நீயே இப்பிடி நோண்டிட்டு இருக்கறயே.”

சொன்னவள் அவள்தான். அழகாக, சிரித்துக்கொண்டே, இதே வாசலில் நின்று சொன்னாள். எழுதியவர் யார் என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்களே தவிர, பதில் சொல்கிற அம்மா எதைப் புண் என்று நினைப்பாள் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார்மேலும் கோபம் வந்தது. முக்கால்வாசி தன்மேலேயே வந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்றாள். லைனுக்கே கேட்டது. “நான் சொன்னது தப்பு. எனக்கு வைத்தியமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. போன்ல இருக்கறதப் படிச்சுச் சொன்னேன், அவ்வளவுதான். இனி யாரும் என்கிட்டக் கேக்காதீங்க. அம்மா, நீ செத்துப் போயிட்டா நான் யாரை நெட்டுல தேடறது?”

சொல்லிவிட்டு வாசல் கல்லில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதாள். சுகந்தி கூடியிருந்தவர்களை ஒருமுறை பார்த்தாள். அவளுக்கு நோயைவிட இந்தக் கூட்டம்தான் பெரிய அவமானமாக இருந்தது.

“சரி, எந்திரி. வர்றேன். அழுவாத, எல்லாரும் பாக்கறாங்க.”

பாண்டியராஜ் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். குன்னூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இடுப்பை ஒரு பார்வைதான் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், அட்மிஷன் போடச் சொன்னார், மருந்தை உடனே ஆரம்பிக்கச் சொன்னார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மூச்சுத் திணறி வந்திருப்பீர்கள் என்றார்.

“ஏம்மா இவ்வளவு லேட்டு?”

ராஜப்ரியா வாயைத் திறந்தாள். சுகந்தி முந்திக்கொண்டாள். “எம் மகதானுங்க நெட்டுல பாத்துக் கண்டுபுடிச்சா, டாக்டரம்மா. இல்லீன்னா இன்னமும் வேலைக்குத்தான் போயிட்டு இருப்பேன்.”

டாக்டரம்மா ராஜப்ரியாவை ஏற இறங்கப் பார்த்தார். “நெட்டைப் பாக்கற நேரத்துல அம்மாவை இங்க கூட்டிட்டு வந்திருக்கலாமே,” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ராஜப்ரியாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் மாலை காய்ச்சல் நன்றாக இறங்கியது. சுகந்தி எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டாள். பிளாஸ்கில் காப்பி வாங்கப் போன ராஜப்ரியா திரும்பி வந்தபோது, பக்கத்துக் கட்டில் அம்மாவோடு பேச்சு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அந்த அம்மா அருவங்காட்டுக்காரர்.

“பாப்பா, இந்தக்காவுக்குக் கால் மரத்து மரத்துப் போகுதாம். கொஞ்சம் நெட்டுல பாத்துச் சொல்லு.”

“அம்மா, நேத்து வாசல்ல நான் என்ன சொன்னேன்?”

“என்ன சொன்ன?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன். எல்லார் முன்னாடியும் சொன்னேன்.”

“அது கோவத்துல சொன்னது,” என்றாள் சுகந்தி, அருவங்காட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. “எம் மகளுக்குக் கொஞ்சம் கோவம் ஜாஸ்திங்க. ஆனா கேட்டாச் சொல்லும்.”

இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதையெல்லாம் நம்பிய அம்மா, அந்த ஒன்றை மட்டும் நம்பவில்லை. அருவங்காட்டு அம்மா சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, எதிலிருந்து சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.